புவெர்ட்டோ வியெஹோ: டிசம்பரில் நாலு நாள் போதுமா?

உங்கள் கேள்வி இதுதான்: டாலஸில் இருக்கிறீர்கள், நீங்களும் மனைவியும் பத்து வயது மகளும், மூவரும் சைவம். கூட்டமில்லாத கடற்கரை, கையெட்டும் தூரத்தில் காடு, அவசரமில்லாத ஊர் என்று தேடியதில் கோஸ்டா ரிக்காவின் புவெர்ட்டோ வியெஹோ கண்ணில் பட்டிருக்கிறது. டிசம்பர் கடைசியில் நாலு நாள் போதுமா, பாதுகாப்பான இடமா, சாப்பாடு கிடைக்குமா, மகள் ஆசைப்படும் ஸ்லாத்தை, அதாவது கிளையில் தொங்கி மெல்ல நகரும் அந்தப் பிராணியைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே மூன்று முறை போய், மொத்தம் ஏழு வாரம் தங்கியிருக்கிறேன். கட்டாயம் போங்கள். ஆனால் டிசம்பர் வேண்டாம். நாலு நாளும் வேண்டாம், ஏழாக்குங்கள்.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். கோஸ்டா ரிக்கா சின்ன நாடுதான், ஆனால் நடுவில் மலைத்தொடர் ஓடுவதால் வானிலையைப் பொறுத்தவரை இரண்டு நாடு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம் என்று எல்லோரும் சொல்வது பசிபிக் பக்கத்துக்குப் பொருந்தும். புவெர்ட்டோ வியெஹோ இருக்கும் கரீபியன் பக்கத்தில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று கடலின் ஈரத்தை அள்ளி வந்து மலையில் மோதிக் கொட்டிவிடும். டிசம்பர் அங்கே நல்ல மழை மாதம். நான் முதல் முறை போனது டிசம்பரில்தான். ஐந்து நாள் விடாமல் பெய்தது. தோய்த்த துணி காயவில்லை, பெல்ட்டில் பூஞ்சை பிடித்தது, கடல் சேற்று நிறத்தில் இருந்தது. செப்டம்பர், அக்டோபரில் நாட்டின் மற்ற பகுதிகள் நனைந்துகொண்டிருக்கும்போது இந்தக் கரை மட்டும் காய்ந்து, கடல் குளம் மாதிரி தெளிந்து கிடக்கும். அடுத்த நல்ல காலம் பிப்ரவரியும் மார்ச்சும். மகளுக்குப் பள்ளி இருப்பதால் மார்ச் விடுமுறைதான் உங்களுக்குச் சரிப்படும். அப்போதும் ஒருநாள் மழை வரும். மழையே இல்லாத மாதம் அந்த ஊருக்குக் கிடையாது, அது இல்லாவிட்டால் அந்தக் காடும் கிடையாது.

விசா பற்றி ஒரு வார்த்தை. இந்திய பாஸ்போர்ட்டாக இருந்தால், அதில் காலாவதியாகாத அமெரிக்க விசா முத்திரை இருப்பவர்களுக்குத் தனி விசா தேவைப்படுவதில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பலருக்கு அனுமதிக் காகிதம் இருக்கும், முத்திரை முடிந்திருக்கும். அதைச் சரிபார்த்து, கோஸ்டா ரிக்கா தூதரகத்திலும் ஒருமுறை உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள்.

தலைநகர் சான் ஹொஸேயிலிருந்து ஊர் சுமார் 220 கிலோமீட்டர். கேட்டால் மூன்று மணி நேரம் போலத் தோன்றும். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆகும். மெப்பே என்ற நிறுவனத்தின் பஸ் நேராகவே போகிறது. 32-ஆம் எண் சாலை பிராவ்லியோ கர்ரியோ தேசியப் பூங்காவின் மேகக் காட்டைக் குடைந்து, சுர்க்கீ சுரங்கம் வழியாக இறங்குகிறது. மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் மணிக்கணக்கில் மூடிவிடுவார்கள். அதனால் விமானம் இரவில் இறங்கினால் அன்றே கிளம்பாதீர்கள். தலைநகரில் தூங்கிவிட்டுக் காலையில் பயணம் செய்யுங்கள். திரும்பும் விமானத்துக்கும் முந்தைய நாளே தலைநகருக்கு வந்துவிடுவது நல்லது. மலை இறங்கியதும் வாழைத் தோட்டங்கள் தொடங்கும், லிமோன் துறைமுகம் வரும், அங்கிருந்து தெற்கே திரும்பியதும் இடது கைப்பக்கம் கடல் கூடவே வரும்.

இனி ஊர். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் நிதானம் சுற்றுலாவுக்காகச் செய்து வைத்தது இல்லை.

பழைய பெயர் ஓல்டு ஹார்பர். இன்று புன்டா ஊவா என்று வரைபடத்தில் இருப்பது கிரேப் பாயின்ட். ஸ்பானிஷ் பெயர்கள் பின்னால் வந்தவை. இந்தக் கரையில் முதலில் குடியேறிய ஆப்பிரிக்க வம்சாவளியினர், பனாமாவின் போகாஸ் தெல் தோரோ பக்கத்திலிருந்து ஆமை பிடிக்க வந்தவர்கள். 1828-ல் வில்லியம் ஸ்மித் என்பவர் பக்கத்து ஊரான கவீட்டாவில் முகாம் போட்டதிலிருந்து ஊரின் கதையைச் சொல்வார்கள். இன்று கடலோரமாக நாம் பார்க்கும் தென்னைகளின் வரலாறும் அவர்கள் ஊன்றிய காய்களிலிருந்துதான் தொடங்குகிறது. பிறகு 1872 முதல் ஜமைக்காவிலிருந்து ரயில் பாதை போட ஆட்கள் வந்தார்கள். பாதை முடிந்ததும் அதே ஆட்கள் வாழைத் தோட்டத்துக்குப் போனார்கள். வாழைக் கம்பெனி பசிபிக் கரைக்கு இடம்பெயர்ந்தபோது, அங்கே கறுப்பினத் தொழிலாளரைச் சேர்க்கக் கூடாது என்று 1934-ல் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். முழுக் குடியுரிமை 1949-க்குப் பிறகுதான் வந்தது. அதனால் ஊரில் வயதானவர்கள் ஸ்பானிஷோடு மேகாடெல்யூ என்ற ஜமைக்க வழி கிரியோலும் (ஆங்கிலத்திலிருந்து பிறந்த கலப்பு மொழி) பேசுவார்கள். "வாப்பின்" என்று கேட்டால் "என்ன சேதி" என்று அர்த்தம். உங்கள் மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள், எத்தனை பேர் முகம் மலர்கிறது என்று பாருங்கள்.

சாலை அங்கே வந்ததே 1970-களின் பிற்பகுதியில். மின்சாரம் 1980-களில். அதுவரை மக்கள் கொக்கோ விளைவித்துப் படகில் ஏற்றிப் பிழைத்தார்கள். சாலை வந்த அதே காலத்தில் மொனீலியா என்ற பூஞ்சை நோய் வந்து, சில ஆண்டுகளில் கொக்கோ விளைச்சலை ஏறக்குறைய அழித்துவிட்டது. உயரமான நிழல் மரங்களுக்கு அடியில் கைவிட்ட தோப்புகளுக்குள் காடு புகுந்துவிட்டது. சாலையோரத்தில் அடர்ந்த காடு என்று நாம் நினைக்கும் பல இடங்களில் உள்ளே பத்தடி நடந்தால் தண்டிலேயே காய் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கொக்கோ மரம் நிற்கும். ஒரு குடும்பத்தின் இழப்பு அது என்று தெரிந்து பார்க்கும்போது அந்தப் பச்சை வேறு மாதிரி தெரிகிறது.

கடற்கரையில் பெரிய ஹோட்டல் கட்டடங்கள் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1977-ல் வந்த சட்டப்படி அலை ஏறும் கோட்டிலிருந்து முதல் 50 மீட்டர் பொதுச் சொத்து. அடுத்த 150 மீட்டரில் அரசின் அனுமதியோடு மட்டும்தான் எதையும் செய்யலாம். பக்கத்துக் கடலோர ஊரான மன்ஸனியோவைச் சுற்றிய காடும் கடலும் 1985 முதல் காப்பகம். இத்தனை இருந்தும் மனை போடுவோர் மரத்தை வெட்டுவதும் ஊர்க்காரர்கள் வழக்குப் போடுவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தங்கும் இடத்தைத் தேர்வு செய்யும்போது உள்ளூர்க் குடும்பம் நடத்துகிற மர வீடாகப் பாருங்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

புவெர்ட்டோ வியெஹோவிலிருந்து மன்ஸனியோ வரை 13 கிலோமீட்டர், ஒரே சாலை, ஏற்றமே இல்லை. எல்லோரும் வாடகை சைக்கிளில்தான் போகிறார்கள். இந்த சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் இருக்காது, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். மகள் முதல் அரை மணி நேரம் கடைத்தெருவில் ஓட்டிப் பழகட்டும், அப்புறம் சாலைக்கு வாருங்கள். கோக்லெஸ், பிளாயா சிக்கிட்டா, புன்டா ஊவா, மன்ஸனியோ என்று கடற்கரைகள் வரிசையாக வரும். சாலைக்கும் மணலுக்கும் நடுவில் எப்போதும் மரங்கள் இருப்பதால் கடல் தெரியாது. ஒரு சின்ன மண் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருட்டான நிழல் வழியாக ஐம்பது அடி போனால், திடீரென்று வெளிச்சமும் அலையும்.

அந்த மரங்களில் ஒன்று உங்களுக்குப் பழக்கமானது. பள்ளிக்கூட மைதானத்தில் காயைக் கல்லால் உடைத்து உள்பருப்பைத் தின்போமே, அந்த நாட்டு வாதுமை. ஆசியக் கரைகளிலிருந்து போனது அங்கே கரை முழுக்க வேரூன்றிவிட்டது. மன்ஸனியோவில் மீண்டும் காட்டுக்கு விடப்பட்ட பெரிய பச்சைப் பஞ்சவர்ணக் கிளிகள் அதன் காயைத் தின்ன வரும். சாயங்காலம் நாலு மணி வாக்கில் தலைக்கு மேல் ஜோடியாகக் கத்திக்கொண்டு போகும், அண்ணாந்து பாருங்கள்.

குளிக்க உங்களுக்கு ஏற்றது புன்டா ஊவா. முனை ஒன்று அலையைத் தடுப்பதால் தண்ணீர் அமைதியாக இருக்கும். கோக்லெஸ் அழகுதான், ஆனால் அங்கே இழுவை நீரோட்டம் பலமானது. உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், கொடியைப் பார்த்து இறங்குங்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். மகளுக்கும் இதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள். ஊருக்கு எதிரே பவளப் பாறைமேல் எழும் சால்ஸா பிராவா அலை, தேர்ந்த சர்ஃபிங்காரர்களுக்கானது. கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. அந்தப் பாறைத் திட்டுகளைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 1991 ஏப்ரல் 22 நிலநடுக்கத்தில் இந்தக் கரையே மேலே எழும்பியது, லிமோன் பக்கம் ஒன்றரை மீட்டர் வரை. கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளம் ஒரே மதியத்தில் வெயிலுக்கு வந்துவிட்டது.

சூரியன் காட்டுப் பக்கம்தான் மறையும். ஆறு மணிக்கு நன்றாக இருட்டிவிடும். அதனால் காலை ஐந்தரைக்கு எழுந்துகொள்ளும் ஊர் அது, நீங்களும் அப்படியே மாறிக்கொள்ளுங்கள். எழுப்பிவிட ஊளைக் குரங்குகள் இருக்கின்றன. முதல் நாள் விடியலில் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ பெரிய மிருகம் கூரைமேல் நிற்கிறது என்று நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குரங்கு நாய் அளவுதான் இருக்கும், குரல் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும்.

ஒரு முழு நாளைக் கவீட்டாவுக்கு ஒதுக்குங்கள். பஸ்ஸில் அரை மணி நேரம். அங்குள்ள தேசியப் பூங்காவின் ஊர்ப்பக்க வாசலில் கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். 1994-ல் அரசு வெளிநாட்டவருக்கான கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியபோது, பிழைப்பு போய்விடும் என்று ஊர் மக்கள் வாசலைக் கைப்பற்றித் தாங்களே நடத்தினார்கள். அதிலிருந்துதான் அரசும் ஊரும் சேர்ந்து நிர்வகிக்கும் முறை வந்தது. கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். பாதை சமதளம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்புக் காடு, எட்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் நெடுஞ்சாலைப் பக்க வாசலில் வெளியே வந்து பஸ் பிடிக்கலாம். நடுவில் ஒரு சிற்றாற்றை முழங்கால் தண்ணீரில் கடக்க வேண்டியிருக்கும். வெள்ளை முகக் குரங்குகளும் ரக்கூன்களும் பையைத் திறக்கத் தெரிந்தவை, எதையும் தரையில் வைக்காதீர்கள். வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் தனியாகப் போனபோது இரண்டு மணி நேரத்தில் ஒரு நண்டைத்தான் பார்த்தேன். அடுத்த நாள் வழிகாட்டியோடு போனபோது, நான் முந்தின நாள் கை வைத்துச் சாய்ந்த மரத்துக்குப் பக்கத்துக் கிளையில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு விரியன் சுருண்டிருந்ததைக் காட்டினார். கண்ணுக்கு மேல் இமைமுடி போல் செதில்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அசையவே இல்லை. விரல் நீளம்கூட அகலமில்லாத தலை, முழு விஷம். அன்றிலிருந்து காட்டில் எதன்மேலும் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

கவீட்டா வால்டர் ஃபெர்குசனின் ஊரும்கூட. கலிப்ஸோ என்ற கரீபியன் பாட்டு வகையின் பாடகர், 1919-ல் பிறந்து 2023-ல் 103 வயதில் காலமானார். வீட்டிலேயே டேப் ரிகார்டரில் பாடிப் பதிவு செய்து பயணிகளுக்கு விற்பார். நகல் எடுப்பதில்லை, கேட்டவருக்கெல்லாம் புதிதாகப் பாடினார். அதனால் ஒவ்வொரு கேசட்டும் தனி. உலகமெங்கும் சிதறிய அந்தக் கேசட்டுகளைப் பின்னால் தேடிச் சேர்த்தார்கள். மாலையில் எங்காவது பான்ஜோவும் மரப்பெட்டி பாஸும் கேட்டால் நின்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், ஆனால் சொல்லிக் கேட்க வேண்டும். "கார்னே இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி இல்லாமல் என்று புரிந்துகொண்டு கோழி வைப்பார்கள். "ஸின் கார்னே, ஸின் போயோ, ஸின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். அங்கே தினச் சாப்பாடு ரைஸ் அண்ட் பீன்ஸ். பெயரே அதுதான், ஸ்பானிஷ் பேசுபவர்களும் அப்படியே சொல்வார்கள். துருவிய தேங்காயைப் பிழிந்த பாலில் சிவப்புப் பயறும் அரிசியும் வெந்து, தைம் இலையும் ஒரு முழு பனாமா மிளகாயும் மேலே மிதக்கும். நான் தங்கிய வீட்டு அம்மா அந்த மிளகாய் உடையாமல் கடைசியில் கரண்டியால் மெல்லத் தூக்கி எடுப்பார். உடைந்தால் சட்டி முழுக்க எரியும், உடையாவிட்டால் மணம் மட்டும் இறங்கும். பயறில் இறைச்சி போட்டிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ரொண்டோன் என்பது தேங்காய்ப்பாலில் மீனும் மரவள்ளியும் கறிப்பலாவும் வாழைக்காயும் கொதிக்கிற குழம்பு. முதல் நாளே சொன்னால் சிலர் மீன் இல்லாமல் செய்து தருகிறார்கள். தேரைத் தண்ணீர் என்று பெயருள்ள அகுவா தெ சாப்போவைப் பெயருக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள், வெல்லமும் இஞ்சியும் எலுமிச்சையும்தான், குடித்தால் பானகம். விலைப்பட்டியலில் போட்டிருப்பதோடு 13 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் சேரலாம், பில்லைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம்.

இன்னொரு நாள் ப்ரிப்ரி பழங்குடி மக்களின் யோர்கின் கிராமத்துக்குப் போங்கள். பம்பூ என்ற இடத்திலிருந்து நீளமான மரப்படகில் ஆற்றில் ஏறிப் போக வேண்டும். ஒரு கரை கோஸ்டா ரிக்கா, மறு கரை பனாமா. வறண்ட நாட்களில் படகு தரை தட்டும், படகோட்டிகள் இறங்கிக் கம்பால் உந்துவார்கள். கிராமப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஸ்டிப்ராவ்பா என்ற அமைப்பு வருகிறவர்களை வரவேற்கிறது. ப்ரிப்ரி குலம் தாய்வழி. அவர்கள் கதையில் கொக்கோ மரம் முன்பு ஒரு பெண்ணாக இருந்தவள், சிபூ என்ற இறைவன் அவளை மரமாக்கினார். அதனால் அந்த மரத்தை விறகாக எரிப்பதில்லை, சடங்குக்கான கொக்கோவைப் பெண்கள் மட்டுமே காய்ச்சுகிறார்கள். வறுத்த கொட்டையைத் தோல் நீக்கி, பெரிய தட்டைக் கல்லில் வட்டக் கல்லை இப்படியும் அப்படியும் உருட்டி அரைக்கும்போது, முதலில் தூளாக இருப்பது பத்து நிமிடத்தில் தன் எண்ணெயிலேயே கறுப்புச் சாந்தாகிவிடும். மகளை அரைக்க விடுவார்கள். இதற்கு ஊரில் முந்தின நாள் பதிவு செய்துவிட்டுப் போங்கள், ஓர் இரவு அங்கேயே தங்கினால் இன்னும் நல்லது.

பாதுகாப்பு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். கோஸ்டா ரிக்காவில் 2023-ல் 900-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன, அதுவரை இல்லாத எண்ணிக்கை. போதைப்பொருள் கும்பல்களின் சண்டை அதில் பெரும்பங்கு, லிமோன் மாகாணம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பயணிகளுக்கு நேரக்கூடியது பெரும்பாலும் திருட்டு. மணலில் பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போன பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு போன் போனது. அதனால் ஒருவர் கரையில் இருங்கள், பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் எடுத்துப் போங்கள், இருட்டிய பிறகு கடற்கரையிலும் விளக்கில்லாத சாலையிலும் நடக்காமல் டாக்ஸி பிடியுங்கள். கொசுக்கடியால் டெங்கு வரும், மாலையில் முழுக்கை சட்டை. மன்ஸனியோ என்ற பெயரே ஒரு மரத்தின் பெயர்: சின்ன ஆப்பிள் போலப் பழம், விஷம், பாலும் தோலைப் பொசுக்கும். கரையில் கிடக்கும் பச்சைப் பழங்களை மகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மகளின் ஸ்லாத். தமிழில் சிலர் இதைத் தேவாங்கு என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு நம் பக்கத்துச் சின்ன இரவுப் பிராணி, இது முற்றிலும் வேறு. பார்த்துவிடலாம், ஏழு நாள் இருந்தால் அநேகமாக உறுதி. மழை விட்டு வெயில் வரும்போது தேடுங்கள். தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அதனால் அதிகம் முடியாது என்பதால் கிளையின் உச்சிக்கு ஏறி வெயில் காயும். ரோமத்தில் பாசி வளர்ந்து பச்சையாக இருப்பதால் இலைக்கொத்து போலத் தெரியும். மூன்று விரல் இனத்துக்குக் கழுத்தெலும்பு ஒன்பது, உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் முக்கால் வட்டம் வரை திருப்பும். நான் பார்த்தது கவீட்டாவில், ஒரு தாய். இடது கையைத் தூக்கி அடுத்த கிளையைப் பிடிக்க நாலைந்து நொடி எடுத்தது, குட்டி வயிற்றில் ஒட்டிக்கொண்டே கீழே எங்களைப் பார்த்தது.

பிளாயா சிக்கிட்டாவில் ஜாகுவார் ரெஸ்க்யூ சென்டர் என்ற மீட்பு மையம் இருக்கிறது, காலையில் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். மின்கம்பியில் அடிபட்ட குரங்குகளும் ஸ்லாத்களும் அங்கே நிறைய வருகின்றன. எங்காவது யாராவது ஸ்லாத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள், காட்டிலிருந்து பிடித்து வந்து பயத்தில் உறைந்திருக்கும் பிராணி அது. உங்கள் மகளுக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். தங்கும் வீட்டில் காலையில் முதல் வேலையாக எதிரே உள்ள வாதுமை மரத்தின் உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள்.